பெரியவள் நீக்கிய புள்ளி

வீட்டில் அவள் பெரியவள். புருஷனுடைய தம்பியைக் கட்டிக்கொண்டு வந்தவள் சின்னவள். அதுவரைக்கும் எல்லா வீட்டிலும் உள்ள கதைதான். ஓரகத்திகள் இருவரும் ஒரே தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில், அடுத்தடுத்த மேஜையில் உட்கார நேர்ந்ததுதான் வினை.

ஃப்ளோரைடு என்றால் அங்கே பெரியவள்தான். எந்தக் கிணற்றுத் தண்ணீர் பிள்ளைகளின் பல்லைக் கறையாக்கும், எது எலும்பை வளைக்கும் என்று அவள் கையெழுத்துப் போட்டுவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. அப்படி இருந்த இடத்தில் சின்னவள் வந்து சேர்ந்தாள். வந்தாள், சிரித்தாள், ஆபீஸே அவள் பக்கம் சாய்ந்துவிட்டது. வாசல் காவலாளிகூடப் பெரியவளுக்கு ஒரு சலாம் வைத்துவிட்டு, மழை வருமா என்று சின்னவளிடம்தான் விசாரிப்பார்.

"நானும் அவளோட அதே கார்லதான் வர்றேன். என்னை ஒருநாள் கேட்டிருப்பாரா அந்த மனுஷன்?" என்று புருஷனிடம் பொருமினாள் பெரியவள்.

"மழை வந்தா அவர்தான் வரவழைச்ச மாதிரி முறைப்ப. உன்னை யார் கேப்பா?" என்றார் அவர், செல்போனிலிருந்து தலையைத் தூக்காமலே.

இந்த நேரம் பார்த்துத்தான் ஐந்து நாடுகளின் கூட்டுத் திட்டம் வந்தது. ஒரு நாட்டில் ஃப்ளோரைடை நன்றாகப் பிடித்து நிறுத்திய வடிகட்டி, இன்னொரு நாட்டின் உப்புத் தண்ணீரில் படுத்துவிட்டது. ஏன் என்று ஆளுக்கொரு மூலையில் மண்டையை உடைத்துக்கொள்வதை விட, ஐந்து பேரும் சேர்ந்து பார்ப்போம் என்று முடிவெடுத்திருந்தார்கள். நாட்டுக்கு ஒரு வேதியியலாளர். ஒரு வருடம் ஐந்து நாட்டிலும் கிணறு கிணறாகப் போய் அளக்க வேண்டும்.

அந்த ஒற்றை இடம் தனக்குத்தான் என்று பெரியவள் மனசுக்குள் பெட்டியே கட்டிவிட்டாள். ஆனால் வீடியோக் கூட்டங்களில் சின்னவளின் கொடி பறந்தது. திட்டத்தை நடத்தும் வெளிநாட்டு விஞ்ஞானிக்குத் தடித்த கண்ணாடி. ஆபீஸில் அவருக்குக் கண்ணாடியம்மா என்று பெயர். அந்த அம்மாள் மடியில் ஒரு பூனை வந்து உட்காரும். சின்னவள் அதன் உடம்பு தேவலையா என்று கேட்பாள். கண்ணாடியம்மா குழைந்துவிடுவார்.

"பூனையை நலம் விசாரிக்கத்தான் நாலு நாட்டுக்காரங்க உக்காந்திருக்காங்களா?" என்று காரில் வரும்போது கேட்டாள் பெரியவள்.

"பாவம்க்கா, அதுக்கு ஒரு கண்ணு தெரியாதாம்."

பூனைக்குக் கண் தெரியாததுகூட இவளுக்குத்தான் தெரிந்திருக்கிறது.

கூடத்துக்கு இரண்டு பேர் போட்டி. ஆளைத் தேர்ந்தெடுக்க ஒரு பரீட்சை வைத்தார்கள். ஒவ்வொரு கூடத்துக்கும் சீல் வைத்த இரண்டு பாட்டில் வந்தது. ஆளுக்கு ஒன்று. தனித்தனியாக அளந்து, தனித்தனியாக அனுப்ப வேண்டும். தங்களுக்குள் மூச்சு விடக்கூடாது. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் குடிக்கலாம், மேலே போனால் கூடாது.

கூடத்தின் இயக்குநர் தன் பங்குக்கு ஒன்று சொல்லி வைத்தார்: "ரெண்டு பேர் அளவும் ஒத்துப்போச்சுன்னா பிரச்சினையே இல்ல. சீனியர் போகட்டும்."

காலையில் பெரியவளின் முறை. தண்ணீரைப் பிளாஸ்டிக் பீக்கரில் ஊற்றினாள். ஃப்ளோரைடுக்கும் கண்ணாடிக்கும் மாமியார் மருமகள் உறவு. ஒரே இடத்தில் விட்டுவைக்கக் கூடாது. அளவு தடுமாறாமல் இருக்கப் பஃபர் கரைசலைச் சேர்த்தாள். எலெக்ட்ரோடை இறக்கினாள். அடியில் கலக்கும் காந்தம் சுற்ற, திரையில் எண்கள் ஓடி, தயங்கி, நின்றன. 1.41. மறுபடியும் எடுத்தாள். அதேதான். குடிக்கலாம். கையைத் துடைத்துக்கொண்டு டீ குடிக்கப் போனாள்.

மத்தியானம் சின்னவள் அளந்தாள். அவள் எழுந்து போனதும், மேஜை துடைக்கும் துணியைத் தேடுகிற சாக்கில் பெரியவள் கருவிப் பக்கம் போனாள். இருந்தது அந்த ஒரு கருவிதான். கடைசியாக எடுத்த அளவு, அடுத்தவர் அளக்கும் வரை திரையிலேயே நிற்கும்.

1.58.

பெரியவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரே தண்ணீர். தனக்குக் குடிக்கலாம் என்கிறது, அவளுக்குக் கூடாது என்கிறது. முதலில் இனித்தது, சின்னவள் கோட்டை விட்டுவிட்டாள், தீர்ந்தது கதை. இரண்டு எட்டு நடப்பதற்குள் அந்த இனிப்பு புளித்துவிட்டது. ஒருவேளை அவள் சரியாக இருந்தால்? ஐந்து நாட்டுக்காரர்கள் முன்னால், ஃப்ளோரைடில் பழம் தின்று கொட்டை போட்டவள் தப்பு, நேற்று வந்தவள் சரி என்று ஆகிவிட்டால்? கண்ணாடியம்மா வேறு, பூனையோடு சேர்ந்து தலையாட்டுவார்.

இரண்டும் ஒத்துப்போனால் சீனியர்.

அவள் பொய் எண் எழுதவில்லை. எழுதுகிற ஜென்மமும் இல்லை. அளவு தெரிந்த ஐந்து கரைசல்களை முதலில் அளந்து, ஐந்து புள்ளி வைத்து, அவற்றின் ஊடே ஒரு கோடு போட்டுத்தான் தண்ணீரின் அளவைக் கணக்கிடுவார்கள். அந்த ஐந்தில் ஒரு கரைசல் திடீரென்று அவள் கண்ணுக்குப் பழசாகத் தெரிந்தது. முந்தின நாள் அவளே கலந்ததுதான். சந்தேகம் வந்த புள்ளியை நீக்கலாம், விதியில் இடம் உண்டு. நீக்கினாள். கோடு லேசாகச் சாய்ந்தது. 1.41 மெல்ல ஏறி 1.57-இல் வந்து உட்கார்ந்தது.

அதை அனுப்பிவிட்டு, வீட்டுக்குப் போகும் வழியில் சின்னவளிடம் அன்பாகக்கூடப் பேசினாள்.

முடிவு சொல்லும் கூட்டத்தன்று இயக்குநர் அறையில் பெரிய திரையை மாட்டியிருந்தார்கள். கண்ணாடியம்மா வணக்கம் சொன்னார். பூனை வரவில்லை. அதுவே பெரியவளுக்கு நல்ல சகுனமாகப் பட்டது.

"ஒரு விஷயத்தை உங்ககிட்ட மறைச்சிட்டோம், மன்னிக்கணும்" என்று ஆரம்பித்தார் கண்ணாடியம்மா. "ஒவ்வொரு கூடத்துக்கும் வந்த ரெண்டு பாட்டிலும் ஒரே தண்ணி இல்ல. ஒரே தெருவில இருக்கிற ரெண்டு கிணறு. ஒண்ணுல குடிக்கலாம், இன்னொண்ணுல கூடாது. ஒருத்தர் அளவைப் பாத்து இன்னொருத்தர் மாத்திக்கிட்டதால, கெட்ட கிணறு ஒண்ணு நல்ல கிணறாகிப்போன அனுபவம் எங்களுக்கு இருக்கு. அதான் இந்த ஏற்பாடு."

எல்லாக் கூடங்களின் அளவுகளையும் புள்ளி வைத்துக் காட்டும் படம் திரையில் வந்தது. கீழே நல்ல கிணற்றுக்கு ஒரு கொத்து, மேலே கெட்ட கிணற்றுக்கு ஒரு கொத்து. கீழ்க் கொத்தில் இருக்க வேண்டிய ஒரே ஒரு புள்ளி மட்டும், தப்பான பந்தியில் உட்கார்ந்த விருந்தாளி போல, மேலே போய் நின்றது.

பெரியவள் முகத்தில் ஈயாடவில்லை.

"இது மட்டும் ஏன் இங்க இருக்கு?" கண்ணாடியம்மா கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் தாங்கவில்லை.

இயக்குநர் பெரியவளைப் பார்த்தார். பெரியவள் மேஜையைப் பார்த்தாள். அந்த நேரத்தில் சின்னவள் மைக் பக்கம் குனிந்தாள்.

"தப்பு என்னோடதுதாங்க. பஃபரைப் புதுசா கலந்து வெக்க வேண்டியது என் வேலை. காலையில மறந்துட்டேன். அக்காவுக்குப் பழசுதான் கிடைச்சிருக்கும். மத்தியானம்தான் புதுசு கலந்தேன்."

அண்டப்புளுகு. பஃபர் முதல்நாளே புதிதாகக் கலந்து இருவர் மேஜையிலும் இருந்தது.

"அப்படின்னா அவங்களுக்கு இன்னொரு பாட்டில் அனுப்பறோம், திரும்ப அளக்கட்டும்" என்றார் கண்ணாடியம்மா. "ஆனா பஃபரை மறக்கிறவங்களைக் கிணத்துக்கு அனுப்ப யோசிக்கணும்."

தப்பிக்கக் கதவு திறந்துவிட்டது. பேசாமல் இருந்தால் போதும். பெரியவள் நிமிர்ந்தபோது இயக்குநர் சின்னவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பஃபர் முதல்நாளே கலந்தது அவருக்கும் தெரியும். என்ன மனசு இந்தப் பெண்ணுக்கு என்று அவர் கண் கலங்காத குறை.

அந்தப் பார்வைதான் பெரியவளைக் கிளப்பிவிட்டது. சிரிப்பு அவளுடையது. பூனை அவளுடையது. மழைகூட அவளைக் கேட்டுத்தான் வருகிறது. இனித் தியாகமும் அவளுக்கேவா?

"பஃபர்ல ஒண்ணுமில்லைங்க" என்றாள் பெரியவள். "எனக்கு வந்தது 1.41. இவளோட அளவை மெஷின்ல பாத்துட்டு நான்தான் ஒரு புள்ளியை நீக்கினேன். அஞ்சு புள்ளியோட முழு அளவும் இப்பவே அனுப்பறேன். இவ ஒண்ணும் எனக்காகப் பழி சுமக்க வேண்டாம்."

அனுப்பினாள். கண்ணாடியம்மா நீக்கிய புள்ளியைத் திரும்ப வைத்தார். மேலே நின்ற புள்ளி இறங்கி வந்து கீழ்க் கொத்தின் நட்டநடுவில் உட்கார்ந்தது.

"அஞ்சு நாட்டுலயும் இந்தக் கிணத்தோட உண்மையான அளவுக்கு இவ்வளவு நெருக்கமா யாரும் வரல" என்றார் அவர். தடித்த கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆனா உங்களை அனுப்ப முடியாது. உங்களுக்கே தெரியும்."

தெரியும். இடம் சின்னவளுக்குப் போனது.

சாயங்காலம் காரில் ஏறி உட்கார்ந்த பின்னும் சின்னவள் சாவியைத் திருப்பவில்லை.

"உங்க 1.41-ஐ நானும் பாத்தேன்க்கா. திரையிலயே நின்னுச்சு."

"பாத்துட்டு?"

"எனக்கு 1.58 வந்துச்சு. நீங்க தப்பு பண்ண மாட்டீங்க, அப்ப நான்தான் ஏதோ சொதப்பிட்டேன்னு திரும்பத் திரும்ப எடுத்தேன். அதேதான் வந்துச்சு."

"மாத்தியிருக்க வேண்டியதுதானே?"

"எனக்கு உங்க அளவுக்குப் புள்ளி நீக்க வராதுக்கா."

பெரியவளுக்குச் சுருக்கென்று ஏறியது. கூடவே சிரிப்பும் வந்து தொலைத்தது. அதை இருமலாக்கி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"வண்டியை எடு. பஃபர் கதை ரொம்ப மட்டம். அடுத்த தடவை புளுகறதா இருந்தா என்கிட்ட கேட்டுட்டுப் புளுகு."

வாசலில் காவலாளி குனிந்தார். வழக்கம்போல் சின்னவள் பக்கத்து ஜன்னல்.

"மழை வருமாம்மா?"

சின்னவள் வாயைத் திறப்பதற்குள் பெரியவள் அவளுக்குக் குறுக்கே எட்டிச் சொன்னாள்.

"இவ ஒரு வருஷம் வெளிநாடு போறா. இனிமே என்னைத்தான் கேக்கணும், இப்பவே பழகிக்குங்க. வரும்."

காவலாளி தலையாட்டினார். வானத்தைப் பார்த்தார். அப்புறம், எதற்கும் இருக்கட்டும் என்று, சின்னவளைப் பார்த்தார்.