இடப்பக்கப் பின்கதவு

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் என்னுடையது, ஏழு சொற்களால் ஆனது, சொன்ன நாளிலிருந்து அதில் ஒரு சொல்லையும் திருத்த நேரவில்லை. என் எழுத்தில் வேறெதைப் பற்றியும் அப்படிச் சொல்ல முடியாது.

தொடக்கத்தை மூன்று முறை எழுதினேன்.

"1981இல், ஆம்பூரில், ஒருவர் ஞாயிறுதோறும் வீட்டு வாசலில் தம் காரைத் தேய்த்து மெருகேற்றிக்கொண்டிருந்தார்." பிழையில்லை. எதற்காக என்பதை மட்டும் மறைக்கிறது.

"இறந்த மனைவியின் முகம் காரின் கதவில்" – இதை முடிக்கவில்லை.

மூன்றாவதை நீங்கள் படித்துவிட்டீர்கள்.

2

ஜேக்கப் என் பக்கத்து வீட்டுக்காரர்; தோல் தொழிற்சாலையில் மெருகேற்றும் பிரிவுக்கு மேஸ்திரி. நான் மிஷன் பள்ளியின் தமிழாசிரியன். 1979 ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை நண்பகல், ஜேக்கப் வேலையில் இருந்தபோது, அவர் மனைவி ஞானசுந்தரிக்கு மார்வலி கண்டது. முதலாளி நயீம் அகமதுவின் கறுப்பு அம்பாசடர் தெருமுனையில் நின்றது. ஓட்டுநர் குர்ஷித் தொழுகைக்குப் போயிருந்தார். சாவி வண்டியிலேயே இருந்தது. தெருவில் கார் ஓட்டத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஞானசுந்தரியைப் பின் இருக்கையில் இடப்பக்கக் கதவோரம் சாய்த்து, வேலூர் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டேன். மாதனூரைத் தாண்டியதும் அவர் இறந்துவிட்டார்.

இறப்பதற்கு முன் என்னிடம் ஒன்று கேட்டார். அன்று மாலை ஜேக்கப் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எதனா சொன்னாளா?" என்றார்.

"வழி முழுக்கத் தூங்கிட்டேதான் வந்தாங்க ஜேக்கப்பு. ஒண்ணும் பேசல."

சாவு நடந்த வண்டியில் ஏற முதலாளிக்கு மனம் வரவில்லை. "நீயே வெச்சுக்கோ" என்று ஜேக்கப்பிடம் கொடுத்துவிட்டார். ஜேக்கப்புக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆகவே தேய்த்தார்.

(அந்த 'ஆகவே'யில் தருக்கம் இல்லை என்பதை அறிவேன். வேறு சொல் கிடைக்கவில்லை.)

3

சாயம் ஏற்றிய தோலைத் தேய்த்தால் துணியில் சாயம் ஒட்டும். ஒட்டுவது நிற்கும்வரை தேய்க்கவேண்டும். அதன் பிறகே தோலின் மினுமினுப்பு எழும். இருபத்திரண்டு ஆண்டுகள் அப்படித் தேய்த்த கை, காரையும் அப்படியே தேய்த்தது. பதனிட்ட ஆட்டுத்தோல் துண்டில் பாலிஷைத் தொட்டுக்கொண்டு, வட்டம் வட்டமாக, அவசரமின்றி. துண்டு கறுத்தது.

"சாயம் இன்னும் வருது பாருங்க வாத்தியாரே. அது நிக்கணும். அப்பதான் உள்ள இருக்கிற மினுக்கு மேல வரும்."

கார்ப் பூச்சுக்கு உள்ளே என்று எதுவும் இல்லை. துண்டில் வந்தது சாயமன்று, பூச்சேதான். வாலாஜாபேட்டையில் பெயின்டராக இருக்கும் என் மைத்துனர் ஒருமுறை இதை விளக்கியிருந்தார். நான் ஜேக்கப்பிடம் சொல்லவில்லை.

(இங்கே "மறந்துவிட்டேன்" என்று எழுதி அடித்தேன். அடித்த கோடு தெரியட்டும்.)

4

மே மாதத்து ஞாயிறு ஒன்றில், ஆராதனை முடிந்து வந்ததும், என்னை வாசலுக்கு அழைத்தார்.

"இங்க குந்துங்க. கதவுல இன்னா தெரியுது?"

"உங்க மூஞ்சி, என் மூஞ்சி."

"அது கெடக்குது. நடுவுல, கொஞ்சம் பின்னால?"

கறுப்பில், எங்கள் இரு முகங்களுக்கும் இடையே, ஒரு வெளிறல் இருந்தது. திரும்பிப் பார்த்தேன். வெள்ளையடித்த சுவர் மட்டுமே இருந்தது.

"சுவர்," என்றேன்.

"சுவருக்கு வாய் அசையுமா வாத்தியாரே?"

அன்று எனக்கு வாய் தெரியவில்லை. ஜூலையில் நெற்றி தெளிந்தது, ஆகஸ்டில் கண்கள். எஞ்சிய மூன்று கதவுகளையும் ஜேக்கப் அதே துண்டால், அதே பொறுமையுடன் தேய்த்தார். அவற்றில் தெருவைத் தவிர எதுவும் தெரியவில்லை.

5

எதிர்வீட்டு சைரா கேலி பேசாமல் அந்த வாசலைக் கடக்கமாட்டாள்.

"இன்னா ஜேக்கப் அண்ணே, ஆட்டுக்குத் தோல் உரிச்சது போதாதா? வண்டிக்கும் உரிக்கிறீங்களே!"

"நீ கண்ணாடி பாக்கத்தாம்மா தேய்க்கிறேன். பாத்துட்டுப் போ."

அவளும் அந்தக் கதவில் பார்த்துத்தான் முக்காட்டைச் சரிசெய்துகொள்வாள். செப்டம்பரில் ஒரு நாள் அப்படிக் குனிந்தவள், முக்காட்டைப் பாதியில் விட்டு நிமிர்ந்தாள்.

"வெயிலு ஜாஸ்தி. கண்ணு கூசுது," என்றாள்.

வானம் மூடியிருந்தது. மறுநாளிலிருந்து தெருவின் மறு ஓரமாக நடந்தாள்.

(சைராமீது எனக்கு ஐயம் வந்தது. எனக்கொரு சாட்சி வேண்டும் என்பதற்காக அவளைச் சேர்த்துக்கொண்டேனோ என்று, கதையின் ஒரு கைப்படியில் அவளை முழுவதுமாக நீக்கிப் பார்த்தேன். கதவில் இருந்தது நீங்கவில்லை.)

6

சென்ற ஞாயிறு, கதவின் நடுவில் துண்டு கறுக்கவில்லை. செங்கல் நிறமாயிற்று. பூச்சுக்கு அடியிலிருக்கும் அடிப்பூச்சு அது. ஜேக்கப் துண்டை விரித்து, மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டு, நெடுநேரம் பார்த்தார்.

"தப்பு பண்ணிட்டேன். இது தோல் இல்ல." கதவைத் தடவிப் பார்த்து, "இன்னும் ஒரு வாட்டி தாங்கும். அதுல நல்லாத் தெளியும். அப்புறம் போயிடுவா," என்றார்.

கதவிலிருந்து கையை எடுத்து என் பக்கம் திரும்பினார்.

"என் கண்ணு கெமிக்கல்ல போன கண்ணு வாத்தியாரே. நீங்க படிச்சவரு. அடுத்த ஞாயிறு நீங்க தேய்ங்க. அவ உதட்டப் பாத்து, இன்னா சொல்றான்னு எனக்குச் சொல்லுங்க."

"அவங்க தூங்கிட்டுதான…"

"சொன்னீங்க. நான் நம்பினேன். இப்போ பேசறாளே."

துண்டை மடித்து என் கையில் வைத்தார். இதோ, இந்தத் தாளுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. ஈரம் இன்னும் உலரவில்லை. ஒரு வாரம் ஆகிறது.

7

ஞானசுந்தரி கேட்டது இதுதான். ஜேக்கப்பின் தொழிற்சாலை வாசலைக் கார் நெருங்கியபோது, கதவிலிருந்து தலையை எடுக்காமல்:

"அண்ணா, ரெண்டு நிமிஷம் நிறுத்துங்க. அவரப் பாத்துட்டுப் போயிடலாம்."

நான் நிறுத்தவில்லை. ஒவ்வொரு நிமிடமும் உயிர் என்று நினைத்தேன். இரண்டு நிமிடத்தால் எதுவும் மாறியிருக்காது என்று டாக்டர் பிறகு சொன்னார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

முடிவுகள் இரண்டு வைத்திருக்கிறேன். ஒன்றில், நான் அழுத்தித் தேய்க்கிறேன். முகம் போய்ச் செந்நிறம் எழுகிறது. "ஒன்றும் தெரியவில்லை" என்கிறேன். பொய்க்கு வயது கூடுகிறது. மற்றதில், நான் மெல்லத் தேய்த்து, உதடுகளைப் பார்த்து, உள்ளதைச் சொல்கிறேன். ஜேக்கப் துண்டை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு

இந்த வாக்கியத்தைப் பதினோரு முறை எழுதினேன். வாங்கிக்கொண்டு என்ன செய்கிறார் என்பது எனக்குத் தெரியவில்லை.

"வாத்தியாரே! வெளிச்சம் போவுது!"

வாசலில் ஜேக்கப்பின் குரல். இன்று ஞாயிறு. நானோ ஒரு காற்புள்ளியை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன்.

நீங்கள் போங்கள். துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். கதவில் முதலில் உங்கள் முகம் தெரியும், அது கிடக்கட்டும். சற்றுப் பின்னால் பாருங்கள். உதடுகளைப் படிக்கக்கூட வேண்டியதில்லை; அவர் கேட்டது இப்போது உங்களுக்கும் தெரியும். துண்டு சிவந்ததும், ஜேக்கப் உங்கள் கையைப் பிடித்துக்கொள்வார்.

"இன்னா சொன்னா?"