இரண்டு விரல்

நளினி பஞ்சைத் தண்ணீரில் நனைத்துக் கணவரின் உதட்டில் ஒற்றிக்கொண்டிருந்தபோது, கலீலுர் ரஹ்மான் சத்தமில்லாமல் வந்து ஆஸ்பத்திரிக் கட்டிலின் கால்மாட்டில் நின்றான்.

"அண்ணனுக்கு நெனவு இருக்கா அண்ணி?"

"காலைல இருந்து முழிச்சுத்தான் இருக்காரு தம்பி. பேச்சுத்தான் வரல."

ஷார்ஜா பட்டறையில் ஒரு காருக்கடியில் படுத்திருந்தபோதே சிவசங்கரனுக்குப் பக்கவாதம் வந்தது. இழுத்து வெளியே எடுத்தவன் அந்தக் காரைக் காட்டக் கொண்டுவந்திருந்த கலீல்தான். பழைய அமெரிக்கக் கார்கள் அசல்தானா என்று பார்த்துச் சொல்வது சிவசங்கரனின் தொழில். கிளப்பினால் தெருவே அதிரும் பெரிய இன்ஜின் வண்டிகள். இன்ஜினிலுள்ள எண்ணும் பாடியிலுள்ள எண்ணும் பொருந்துகின்றனவா, அந்த நிறத்தில் அந்த இன்ஜினோடு ஆலை எத்தனை வண்டி விட்டது, பழைய எண்ணைத் தேய்த்துவிட்டுப் புதிதாக அடித்திருக்கிறார்களா என்று வளைகுடா முழுக்க அவரைத்தான் கேட்பார்கள். கோயம்புத்தூரில் கல்லூரியில் படிக்கும் மகள் ஷ்ருதிகூட, "அப்பாவுக்கு என் பர்த்டே மறந்துடும், காரோட பர்த்டே மறக்காது" என்பாள்.

கலீல் போனை வெளியே எடுத்தான்.

"தப்பா நெனைக்காதீங்க அண்ணி. எங்க மொதலாளி, அர்பாப், இன்னைக்கே பதில் கேக்குறாரு. அன்னைக்கு அண்ணன் பாத்த அந்த வண்டிய அவர வாங்கச் சொன்னதே நான்தான். போலின்னு ஆச்சுன்னா கலாஸ், எல்லாம் முடிஞ்சுது, என்னய ஊருக்கு ஏத்தி விட்ருவாரு. அண்ணன் முழுசாப் பாத்துட்டாரு. சொல்றதுக்குள்ளதான் இப்படி..."

வேண்டாம் என்று சொல்லத்தான் நளினி வாயெடுத்தாள். அதற்குள் சிவசங்கரனின் பார்வை போனுக்குப் போய்விட்டது. காலையிலிருந்து அவள் தேடிய உயிர் அந்தக் கண்களில் இப்போதுதான் வந்தது. அவள் நகர்ந்து இடம் விட்டாள்.

கலீல் இன்ஜினின் படத்தைப் பெரிதாக்கி முகத்தருகே பிடித்தான். வெகுநேரம் பார்த்த சிவசங்கரன், அசைகிற இடக்கையைத் தூக்கி இரண்டு விரல்களைக் காட்டினார்.

"ரெண்டா? ஒலகத்துலயே ரெண்டு வண்டிதான் இருக்குங்கிறீங்களா? ஆமான்னா கண்ண மூடுங்கண்ணே."

மூடித் திறந்தார்.

கலீலின் முகம் மலர்ந்து, உடனே வாடியது. "இல்ல... நம்பர ரெண்டு தடவ அடிச்சிருக்காங்கன்னா?"

அதற்கும் மூடித் திறந்தார்.

"எதுண்ணே?"

விரல்கள் மெல்லத் திரும்பி நளினியைப் பார்த்து நின்றன.

"என்னங்க? தண்ணி வேணுமா? ஷ்ருதிய வரச் சொல்லட்டுமா? நம்ம ரெண்டு பேரப் பத்திச் சொல்றீங்களா?"

அவர் கண்ணில் கோபம் வந்தது. சொன்னதை அவள் சரியாகக் கேட்காதபோது வீட்டில் வருகிற அதே கோபம். பிறகு அதுவும் தளர்ந்து, நீர் வழிந்து காதோரம் இறங்கியது. தலைமாட்டில் இதயத்துடிப்பு காட்டும் இயந்திரம் அலறத் தொடங்கியது. "சேச்சி, கொஞ்சம் வெளியே" என்று மலையாளி நர்ஸ் தோளைத் தொட்டுத் தள்ளினாள்.

மாலைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

டிக்கெட் போட்டுவிட்டதாக ஷ்ருதி போனில் அழுதாள்.

"நீ வர வேண்டாங் கண்ணு. நாங்க அங்க வந்தர்றோம்."

"அப்பா ஏதாச்சும் சொன்னாராம்மா?"

"சொன்னாரு. எனக்குத்தான் புரியல."

துபாய் சோனாப்பூரில் உடலைப் பதப்படுத்திப் பெட்டியில் வைத்து மூடுவது வரை கலீல்தான் ஓடினான். பெட்டியோடு வேனில் ஏற நளினியை விடவில்லை. கலீலின் காரில் பின்னாலேயே கிளம்பினார்கள்.

"உங்க அர்பாப்கிட்ட என்ன சொன்னீங்க தம்பி?"

"அண்ணன் ஒண்ணும் சொல்லாமப் போய்ட்டாருன்னேன். போன வச்சுட்டாரு."

முன்னால் போகும் வெள்ளை வேனைக் கண்ணிலிருந்து விடாமல் கலீல் ஓட்டினான்.

விமான நிலையச் சாலையில் ஒரு கம்பெனி பஸ் குறுக்கே புகுந்தது. ஜன்னலெல்லாம் தூங்கி வழியும் தலைகள். அது விலகியபோது சிக்னலில் வரிசையாக வெள்ளை வேன்கள் நின்றிருந்தன. எல்லாம் ஒரே மாதிரி.

"எது அண்ணி நம்ம வேன்?"

நளினி முன்னால் குனிந்து கண்ணாடி வழியே பார்த்தாள். பச்சை விழுந்தது. சில வேன்கள் நேராகப் போயின. சில வலப்பக்கம் திரும்பின. பின்னாலிருந்து யாரோ ஹாரன் அடித்தார்கள்.