மூன்றாவது வார்டின் வினாத்தாள்

அந்தோணியம்மாளுக்கு விழுந்து உடைந்த இடுப்பெலும்பு கூடிவிட்டது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு வார்டின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கிறாள். ஆனால் அந்த அரசு முதியோர் மருத்துவமனையில் நடந்து காட்டினால் மட்டும் போதாது. வீட்டுக்கு அனுப்புமுன் ஞாபகசக்திக்கும் ஒரு பரீட்சை உண்டு.

அதில்தான் அவள் பிழைப்பே தொங்கிக்கொண்டிருந்தது. சாந்தோமில் நாற்பது வருஷமாக மீன் விற்றவள். கீழே விழுவதற்கு முந்தின வாரம் அடுப்பை அணைக்காமல் மாதா கோயிலுக்குப் போய்விட்டாள். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான் மகன் மிக்கேல். "மூள நல்லா கீதுன்னு டாக்டரு எய்திக் குட்த்தா கடைல குந்து. இல்லாங்காட்டி ஊட்லயே டிவி பாத்துக்கினு கெட." பயம் அவளுக்கும் இருந்தது. அடுப்பை மறந்தவள் நாளைக்கு எதை மறப்பாளோ, யார் கண்டது?

நல்லவேளையாக வார்டில் ஒரு வசதி இருந்தது. பல மாதங்களாகக் கேள்விகள் மாறவே இல்லை. பரீட்சை எழுதியவர்கள் பக்கத்துக் கட்டிலுக்கு விடைகளைச் சொல்லிவிட்டுத்தான் மூட்டை கட்டுவார்கள். எந்தப் பள்ளிக்கூடத்திலும் வினாத்தாள் இவ்வளவு ஒழுங்காக வெளியே வந்திருக்காது.

பக்கத்துக் கட்டில் சொர்ணம், கோட்டூர்புரத்துக்காரி, மூன்று நாளாகப் பாடம் நடத்தினாள். "கெயமயக் கேப்பாங்கோ, மாடியக் கேப்பாங்கோ. அப்பால மூணு வார்த்த சொல்லி, கொஞ்ச நேரம் கய்ச்சித் திருப்பிக் கேப்பாங்கோ. வாயப்பயம், சாவி, கொட. நூறுலேர்ந்து ஏழேழா கய்க்கணும். தொண்ணூத்தி மூணு, எம்பத்தாறு..."

அந்தோணியம்மாள் ஜெபமாலையைக் கூட ஒதுக்கி வைத்துவிட்டு உருப்போட்டாள்.

வியாழக்கிழமை காலை டாக்டர் அஸ்வினி ஃபைலோடு வந்து உட்கார்ந்தாள். மிக்கேலும் வந்து நின்றான்.

"சாப்ட்டீங்களாம்மா?"

"வியாயக்கெயம, ரெண்டாவது மாடி, வாயப்பயம், சாவி, கொட, தொண்ணூத்தி மூணு, எம்பத்தாறு, எழுவத்தொம்போது, டாக்டரம்மா!"

சொர்ணம் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

"யாரு சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டாள் அஸ்வினி.

எல்லாம் போச்சு. அந்தோணியம்மாளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்வதுபோல் ஒன்று விடாமல் ஒப்பித்தாள்.

"சொர்ணம் சொல்லிச்சு. அதுக்கு மூணாம் பெட்டு எஸ்தரு சொல்லிச்சு. எஸ்தரு போன மாசம் பதினெட்டாந்தேதி கொடைக்குப் பதிலா செருப்புன்னு சொல்லி கோட்ட உட்டுட்ச்சு. இருவத்தஞ்சாந்தேதிதான் பாஸு. அதுக்குச் சொன்னது ஜன்னலோரத்து பெட்டு தமிழ்மொழி பாட்டி. அது அதே மாசம் ஏழாந்தேதியே பாஸாகி ஊட்டுக்குப் போச்சு, கய்த்தல்ல மட்டும் ஒரு தப்பு..."

அஸ்வினி நர்ஸிடம் பழைய ஃபைல்களை வாங்கிப் புரட்டினாள். ஒரு தேதி கூடத் தப்பவில்லை. செருப்பு உள்பட எல்லாம் அப்படியே இருந்தது. அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"உங்கம்மாவுக்கு ஞாபகமெல்லாம் பிரமாதமா இருக்கு மிக்கேல். அடுப்ப நான்கூட மறந்திருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே சான்றிதழை எழுத ஆரம்பித்தாள்.

அந்தோணியம்மாளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அப்ப சொன்னாமேரி நா கடைல குந்தறேன்டா."

மிக்கேல் தலையைச் சொறிந்தான். "நா எப்பம்மா அப்டி சொன்னேன்?"

"செவ்வாக்கெயம. சாயங்காலம் நாலு மணி. இதே ஸ்டூல்ல குந்திக்கினு, எனக்குன்னு வாங்கியாந்த சாத்துக்குடிய நீயே உரிச்சித் துன்னுகினு சொன்ன. ஏழு சொள."

மிக்கேல் உதவிக்கு டாக்டரைப் பார்த்தான். அவள் கையெழுத்துக்குப் பக்கத்தில் முத்திரை குத்திக்கொண்டிருந்தாள்.