கலைவேந்தன் சார் சொன்னபடி

கலைவேந்தன் சாரைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லச் சொன்னால், சட்டையை நன்றாக இஸ்திரி போட்டு வருவார் என்பேன். அதையும் அவர் மனைவிதான் போட்டிருப்பார்.

எங்கள் ஆபீஸ் வில்லியனூர் மெயின் ரோட்டில், ஒரு மாடியில். வெளியூர் கம்பெனிகளின் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது வேலை. எங்காவது ஒன்று படுத்துக்கொண்டால் டிக்கெட் என்று ஒரு புகார்ச் சீட்டு திரையில் வரும். சரிசெய்து, என்ன செய்தோம் என்று எழுதி மூடுவோம். நான் சேர்ந்த புதிதிலேயே, எங்கள் டீம் லீடரான சார் சொல்லிக்கொடுத்தார்: "மூடும்போது 'கலைவேந்தன் சார் சொன்னபடி'ன்னு ஒரு வரி போட்டுடுமா. மரியாதையா இருக்கும்."

எனக்கு அது தப்பாகவே படவில்லை. மாதா கோயில் தேர் ஆனாலும் மாரியம்மன் கூழ் ஆனாலும், எங்கள் பக்கம் உழைக்கிறவர் ஒருத்தர், பேனரில் 'முன்னிலை' என்று பெயர் போட்டுக்கொள்கிறவர் வேறொருத்தர். ஆபீசில் எல்லோரும் போட்டார்கள், நானும் போட்டேன்.

இந்த வருஷம் சென்னைத் தலைமை ஆபீசிலிருந்து திறன் படிநிலை என்று ஒன்று வந்தது. ஆளாளுக்கு ஒரு படி. சொன்னதை மட்டும் செய்கிறவர் இரண்டாம் படி. தானே முடிவெடுத்துச் செய்கிறவர் நான்காம் படி. மற்றவர்களை வழிநடத்துகிறவர் ஐந்து. கிளவுட் டீமில் ஓர் இடம் காலி, அதற்கு நான்காம் படி இருக்க வேண்டும். அந்த இடம் எனக்கு வேண்டும். வெறியாக வேண்டும். அவரவர் படியை அவரவரே எழுதி சாருக்கு அனுப்ப வேண்டும்; நான்கு என்று போட்டு அனுப்பினேன்.

சார் என்னைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார்.

"இன்னா சுவேதா, நாலு போட்டுக்கினு இருக்க?"

"எல்லாம் தனியாதான பண்றேன் சார்."

"ஆதாரம் வேணும்மா." லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். என் டிக்கெட்டுகள். ஒவ்வொன்றின் அடியிலும் நானே எழுதிய அந்த வரி. "எல்லாத்தையும் நான் சொல்லித்தான் செஞ்சேன்னு நீயே எழுதியிருக்க. அப்ப ரெண்டுதான். அருள்தாஸ் பொண்ணு ஏசி ரூம்ல ஒக்காந்து வேல பாக்குதே, அதுவே பெருசு. இன்னா அவசரம்?"

அருள்தாஸ் என் அப்பா. செலியமேட்டில் சார் வீட்டு நிலத்தில் கரும்பு வெட்டியவர். அதே டிக்கெட்டுகளைக் காட்டித்தான் சார் ஐந்தாம் படி வாங்கியிருந்தார்.

அடுத்த வாரம் ஒரு பால் கம்பெனியின் பில்லிங் சர்வர் நின்றுபோனது. பில் இல்லாமல் வண்டி கிளம்பாது. அந்தக் கம்பெனி மேனேஜர் போன் ஸ்பீக்கரில் கத்திக்கொண்டிருந்தார்.

"சுவேதா, சீக்கிரம் பாரு," என்றார் சார்.

"இன்னா பண்ணணும்னு சொல்லுங்க சார்."

"வெளயாடுறியா?"

"நான் ரெண்டாம் படி சார். சொன்னாதான் செய்யணும்."

ஆபீஸே திரும்பிப் பார்த்தது. சார் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ரீஸ்டார்ட் பண்ணு."

பண்ணினேன். ஒன்றும் ஆகவில்லை. "அடுத்தது சார்?"

அடுத்தது அவரிடம் இல்லை. முகம் கறுத்துவிட்டது. "பால் கெட்டுடும்யா, யாராச்சும் எதனா செய்யுங்க," என்றது ஸ்பீக்கர். இன்னும் கொஞ்ச நேரம் அவரை வேகவிட ஆசைதான். ஆனால் பால் என்ன பாவம் செய்தது? டிஸ்க் நிரம்பியிருந்தது. பழைய ஃபைல்களை வேறு இடத்துக்கு மாற்றினேன். பில் ஓட ஆரம்பித்தது.

டிக்கெட்டை மூடும்போது எழுதினேன்: 'கலைவேந்தன் சாரிடம் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. நானே முடிவெடுத்துச் சரிசெய்தேன். சுவேதா.' மூடிய டிக்கெட்டுகள் எல்லாம் சாயந்திரம் தானாகத் தலைமை ஆபீசுக்குப் போய்விடும். என் நான்காம் படிக்கு அதுதான் முதல் ஆதாரம்.

சார் அதைப் படித்துவிட்டு என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"அத அழிச்சிடு."

"எப்படி அழிக்கணும்னு சொல்லுங்க சார்," என்றேன். "சொன்னபடி செய்யறேன்."