காளியைச் சிரிக்க வைத்தவன்

1.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். முன்னறையிலிருந்து வந்தது. அங்கே என் அக்கா உட்கார்ந்திருக்கிறாள். காலடியில் துணிப்பை, மடியில் கண்ணாடி விரிசல் விட்ட காளி படம், வலது உள்ளங்கையில் சுற்றிய துண்டு. நான் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு கதை எழுதுகிறேன். நல்ல தம்பி செய்கிற காரியமா இது என்று கேட்பீர்கள். நல்ல தம்பி என்று நான் எங்கே சொன்னேன்?

நாலு மணிக்கு அத்தான் வருகிறார். இப்போது மூன்றரை.

2.

"உக்கிர தெய்வங்கள் ஆயுதம் ஏந்துவது அழிப்பதற்காக அல்ல, காப்பதற்காகவே..." (அடித்துவிட்டேன். பேச்சுப் போட்டிக்குத் தயார் செய்வது போல இருக்கிறது.)

"அக்காவின் கண்களில் காளி தெரிந்தாள்." (இதையும்தான். அந்தக் கண்களில் தெரிவது தூக்கமின்மை.)

"நான் சாமி படங்களை அச்சடித்து, ஃபிரேம் போட்டுக் கொடுப்பவன்." இது இருக்கட்டும். உண்மை.

3.

என் தொழிலில் காளியை யாரும் காளியாகக் கேட்பதில்லை. "உக்கிரமா இருந்தா வீட்டுக்கு ஆகாதுங்க, கொஞ்சம் சாந்தமா போட்டுக் குடுங்க" என்பார்கள். என் கணினியில் 'உதடு' என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. லட்சுமியின் சிரிப்பை வெட்டிக் காளியின் முகத்தில் ஒட்டுவேன். நாக்கு உள்ளே போய்விடும். மண்டையோட்டு மாலை செம்பருத்தி மாலையாகும். எட்டுக் கைகளில் ஆறுக்குத் தாமரை கொடுப்பேன். கத்தியில் இருக்கும் ரத்தத்தைத் துடைக்க இரண்டு நிமிடம்.*

(* அக்கா மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறாள். ரத்தக்கறையைப் பச்சைத் தண்ணீரில்தான் அலச வேண்டுமாம், வெந்நீர் பட்டால் துணியிலேயே தங்கிவிடுமாம். எனக்கு மவுஸ் போதும்.)

போன வருடம் அக்கா கடைக்கு வந்து ஒரு காளி படம் கேட்டாள்.

"நாக்கு வெளிய இருக்கணும். கத்தியில ரத்தம் இருக்கணும். பாத்தா பயமா இருக்கணும்டா."

யார் பயப்பட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. தெரிந்ததை எதற்குக் கேட்பது? அதற்குமுன் இரண்டு முறை இதே துணிப்பையோடு வீட்டுக்கு வந்தவள் அவள். இரண்டு முறையும் அம்மாவும் நானும் புத்தி சொல்லி, என் பைக்கிலேயே ஏற்றிக் கொண்டுபோய் விட்டோம். "அனுசரிச்சுப் போ" என்பது அம்மாவின் வசனம். "எல்லாம் சரியாயிடும்" என்னுடையது.

அன்று சாயங்காலமே அத்தான் போன் செய்தார்.

"தம்பி, படத்தைக் கொஞ்சம் சாந்தமா போட்டுக் குடுத்துடுங்க. உங்க அக்கா ஏற்கெனவே கோவக்காரி."

சிரித்தார். நானும் சிரித்தேன். நாற்பது நிமிடத்தில் வேலையை முடித்தேன்.

அக்கா காகிதத்தைப் பிரித்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இவளுக்கும் புத்தி சொல்லி அனுப்பிட்டியா?" என்றாள்.

4.

அத்தான் பாத்திரம் சரியாக வரவில்லை. மீசையை முறுக்குகிற வில்லனாக்கினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். அவர் யாரிடமும் குரலை உயர்த்தமாட்டார். செருப்பை வரிசையாகக் கழற்றி வைப்பார். தங்கமான மனுஷன் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன், அக்காவின் முகத்துக்கு நேராகவே.

5.

அக்கா அந்தப் படத்தைத் திருப்பித் தரவில்லை. சமையலறைச் சுவரில் மாட்டினாள். தினமும் காலையில் குளித்துவிட்டு வந்து, எல்லோரும் நெற்றியில் வைக்கிற குங்குமத்தை உதட்டுக்குக் கீழே, கண்ணாடி மேல், நீளமாக இழுத்தாள். நான் உள்ளே தள்ளிய நாக்கை அவள் வெளியே எடுத்தாள். மந்திரம் எதுவும் இல்லை. நேற்று நடந்ததைச் சொல்வாள்: "தோள்ல அடிச்சான். பாத்துக்கோ." பிறகு வேலைக்குக் கிளம்பிவிடுவாள். அத்தான் ஈரத்துணியால் நாக்கைத் துடைப்பார். மறுநாள் மறுபடி நாக்கு. ஒரு வருடம் இப்படியே நடந்ததாம். இன்று காலையில்தான் எனக்குத் தெரிந்தது.

இன்று காலை அவர் துடைக்கவில்லை. படத்தைப் பிடுங்கிச் சமையல் மேடையில் அடித்தார். தடுக்கப் போன அக்காவின் உள்ளங்கை கண்ணாடியில் கிழிந்தது. பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"நாலு மணிக்கு வர்றேன் தம்பி, பேசிக்கலாம்" என்றார் போனில். சரி என்றேன். சொல்லிப் பழகிவிட்டது.

6.

முடிவு அ: கண்ணாடியை உடைத்துக்கொண்டு காளி இறங்குகிறாள். அத்தான் காலில் விழுகிறார். (நீங்கள் கைதட்டுவீர்கள். அக்காவால் தட்ட முடியாது, கையில் காயம்.)

முடிவு ஆ: அக்காவே காளியாகிறாள். (என்னைப் போன்ற ஆண்களுக்கு மிகவும் பிடித்த முடிவு. நமக்கு வேலை மிச்சம்.)

முடிவு இ: நான் வாசலில் நின்று அத்தானிடம், "அக்கா இனிமே அங்க

(எழுதக்கூட வரவில்லை பாருங்கள்.)

7.

பைக் வந்து நிற்கிறது. பத்து நிமிடம் முன்னாலேயே வந்துவிட்டார்.

"டேய், வந்துட்டாரு," முன்னறையிலிருந்து அக்கா. "கதவைத் திறக்கவா, வேணாமா? சொல்லுடா."

இந்த இடத்தில் முடிவை வாசகரிடம் ஒப்படைத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஒப்படைப்பது எனக்குக் கைவந்த வேலை. அக்காவை இரண்டு முறை ஒப்படைத்திருக்கிறேன். ஆகவே இதை உங்களிடம் தரமாட்டேன்.

செருப்பைக் கழற்றி வரிசையாக வைக்கிற சத்தம் கேட்கிறது.

"சொல்லுடா," என்கிறாள் மறுபடியும்.

தாழ்ப்பாள் போட எட்டுக் கை வேண்டாம். ஒன்று போதும். எனக்கு இரண்டு இருக்கின்றன. இரண்டும் இன்னும் இந்தக் கீபோர்டின் மேல்தான் இருக்கின்றன.