துக்கம் விசாரிக்கப் போன வீடு

டாக்டர் நாமகிரி பங்காருபாளையத்துக்குப் போனது துக்கம் விசாரிக்கத்தான். அன்று காலை சித்தூரில் டாக்டர்கள் கூட்டம் ஒன்றில் பேசிவிட்டு நேராகத் திருப்பதிக்குத் திரும்பியிருக்க வேண்டியவள். என்னவோ தோன்றி, டிரைவரிடம் வண்டியை பெங்களூர் ரோட்டில் விடச் சொன்னாள்.

முதியவர்களுக்கு வரும் மனச்சோர்வுதான் அவளுடைய ஆராய்ச்சி. கூடப் படித்தவர்களெல்லாம் திருப்பதியில் கிளினிக் திறந்து உட்கார்ந்தபோது, அவள் ஜீப்பில் கிராமம் கிராமமாகப் போய் வயதானவர்களிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள். "வயசானா சோர்வு வராம வேற என்ன வரும்? இதுல ஆராய என்ன இருக்கு?" என்று ஆஸ்பத்திரியில் கேலி செய்வார்கள். வயது ஒரு வியாதியல்ல, சோர்வுதான் வியாதி, அதற்கு மருந்து உண்டு என்று தலை நரைக்கும்வரை அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

இப்போது கையில் இருந்தது அவளுடைய ஆகப் பெரிய ஆய்வு. சித்தூர்ப் பக்கத்துக் கிராமங்களில் முதியவர்களை வருடக்கணக்காகத் தொடர்ந்து, மனச்சோர்வு உள்ளவர்கள் மற்றவர்களைவிடச் சீக்கிரம் இறக்கிறார்கள் என்று காட்டியிருந்தாள். காலையில் கூட்டத்தில், உயிரோடு மிஞ்சியவர்களின் எண்ணிக்கையைக் காட்டும் கோடு திரையில் சரிந்து இறங்கியது. அந்தச் சரிவில் பங்காருபாளையம் மாசிலாமணியும் ஒருவர்.

மாசிலாமணி மாங்காய் மண்டி வைத்திருந்தவர். பெரும்பாலானவர்களிடம் உதவியாளர்கள்தான் பேசினார்கள். இவரிடம் நாமகிரியே பேசியிருந்தாள். கேள்விக்குப் பதில் சொல்லாமல், ஒரு தோதாபுரி மாங்காயைக் கீற்றுப் போட்டு நீட்டி, "மொதல்ல இத்த துன்னு. அப்புறம் கேளு. நீ வேளைக்குத் துன்றியாம்மா? மூஞ்சி வாடிக் கெடக்குதே" என்று அவர் திருப்பிக் கேட்டது அவளுக்கு மறக்கவில்லை. சித்திரையில் ஆய்வுக்காகப் போனில் விசாரித்தபோது அவர் போய்விட்டார் என்று தகவல் வந்தது. எப்படிப் போனார் என்றாவது கேட்டுக்கொண்டு வரலாம் என்றுதான் இந்தப் பயணம்.

சீசன் நேரம். ரோடெல்லாம் மாங்காய் டிராக்டர்கள். வீட்டு வாசலில் அவருடைய மகன் யோகேஷ் யாரிடமோ போனில் தெலுங்கில் கத்திக்கொண்டிருந்தான். இவளைப் பார்த்ததும் வைத்துவிட்டான்.

"திருப்பதி மேடம்தானே? வாங்க, வாங்க."

"அப்பா விஷயம் கேள்விப்பட்டேன் யோகேஷ். உடனே வர முடியலை. மனசு கேக்கலை, அதான்…"

"அவுனு, ஆமா மேடம். நைனாக்கு ரொம்ப நாளாவே பாகலேது, ஒடம்பு சரியில்ல. சீசன் முடியட்டும், வேலூர் ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போலாம்னு இருக்கோம்."

நாமகிரிக்கு ஒன்றும் புரியவில்லை.

"யாரை இட்டுக்கிட்டுப் போறீங்க?"

"நைனாவத்தான். உள்ள தான் படுத்துக்கினு இருக்காரு. போய்ப் பாருங்க."

காலையில் அந்தச் சரிவைச் சுட்டிக் காட்டிய கையாலேயே அவள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

உள் அறையில் ஜன்னல் சாத்தியிருந்தது. கட்டிலில் யாருமில்லை, தரையில் பாய் கூட இல்லாமல் ஓர் உருவம் நேராக நீட்டிப் படுத்திருந்தது. கன்னம் ஒட்டி, விலா தெரிந்து, உதடு வெடித்து. கண் மட்டும் திறந்திருந்தது. தூக்கிப் போவதற்காகக் கிடத்தியவரைப் போல இரண்டு கையும் நெஞ்சின்மேல் சேர்ந்திருந்தன.

"ஐயா, நாமகிரி வந்திருக்கேன். டாக்டர்."

உதடு மெல்ல அசைந்தது.

"அந்தப் பொண்ணு கிட்ட சொல்ட்டேனே. எதுக்கு வந்தீங்க?"

"எந்தப் பொண்ணு கிட்ட? என்ன சொன்னீங்க?"

"போன்ல கேட்டுதே, அது கிட்ட. மாசிலாமணி பூட்டாருன்னு சொன்னேன்."

நாமகிரி அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்கதான் பேசிக்கிட்டு இருக்கீங்களே ஐயா."

"பேச்சு கேக்குதா? அது எப்பிடின்னு எனக்குத் தெரீல. கொடல் காஞ்சி பூட்ச்சி. ரத்தம் நின்னு பூட்ச்சி. இவங்க இன்னும் எடுக்காம வச்சிக்கினு இருக்காங்க. நாத்தம் வரல உனக்கு?"

அறை வாசலில் நின்ற யோகேஷ் தலையில் அடித்துக்கொண்டான். "இதே பேச்சுதான் மேடம். வாய்ல வெச்சா துப்புறாரு. என் பொண்டாட்டி பிடிச்சி வச்சி ராகிக் கஞ்சி ஊத்துறா, அதுல தான் உயிர் நிக்குது. வயித்துல டியூப் உட்டுப் பாத்தாங்க, ஒன்னும் இல்ல, வயசாச்சுன்னு அனுப்பிட்டாங்க. அம்மா போனதுல இருந்து அடம் பிடிக்கிறாருன்னு நாங்களும் உட்டுட்டோம்."

மனச்சோர்வு முற்றினால், அபூர்வமாகச் சிலருக்குத் தாங்கள் இறந்துவிட்டோம் என்ற நம்பிக்கையே வந்துவிடும். நாமகிரி அதை வருடா வருடம் மாணவர்களுக்குப் பாடம் எடுத்தவள். நேரில் பார்த்ததும் உண்டு. ஆனால் அப்படிச் சொன்ன ஒருவரின் பேச்சை நம்பி, அவரை இறந்தவராக எழுதி, அன்று காலைதான் ஊர் கூட்டிக் காட்டியிருக்கிறாள். வாசலுக்கு வந்து குழாய்த் தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டு, தன் ஆய்வில் போன் பேசும் சபீனாவைக் கூப்பிட்டாள்.

"சபீனா, மாசிலாமணி இறந்துட்டார்னு யார் சொன்னா?"

"ஒரு பெரியவர் மேடம். நீங்க யாருன்னு கேட்டேன். இந்த வீட்டு ஆளுதாம்மான்னாரு. பாவம், குரலே எழும்பலை. தைரியமா இருங்க ஐயா, வேளாவேளைக்குச் சாப்பிடுங்கன்னேன். இனிமே எதுக்கும்மா சாப்பாடுன்னாரு."

"அது மாசிலாமணி."

மறுமுனையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"சபீனா?"

"நான் அவர்கிட்டயேவா மேடம் துக்கம் விசாரிச்சேன்?" அந்தப் பெண் அழ ஆரம்பித்தாள். "ஒரு தடவ திரும்பக் கூப்பிட்டிருக்கலாமே…"

திரும்பக் கூப்பிட வேண்டாம் என்று சொல்லி வைத்தது நாமகிரிதான். துக்க வீட்டைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று, கொரோனா சமயத்தில் போட்ட விதி. அதைச் சொன்னாள்.

"பொணத்துக்கு எதுக்கு ஆஸ்பத்திரி?" என்று மாசிலாமணி முனகிக்கொண்டே இருந்தார். நாமகிரி வாதாடவில்லை. காரின் பின்சீட்டில் மகன் மடியில் தலை வைத்துப் படுக்க வைத்து, திருப்பதி வரும்வரை நாடியைப் பிடித்துக்கொண்டே வந்தாள். பாகாலாவைத் தாண்டியபோது ஒருமுறை நாடி கைக்குச் சிக்கவில்லை. டிரைவரை அவள் அதட்டியது அதுவரை யாரும் கேட்டிராத குரலில் இருந்தது.

ஆஸ்பத்திரியில் முதலில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். மாத்திரை வேலை செய்யும்வரை அவர் உடம்பு தாங்காது என்று தெரிந்தது. மின்சிகிச்சை என்றதும் யோகேஷ் வெளிறிப்போனான்.

"கரண்ட் வெப்பீங்களா? சினிமாவுல கை கால கட்டி காட்றாங்களே?"

"மயக்க மருந்து கொடுத்துட்டுத்தான் செய்வோம். அவருக்கு ஒண்ணும் தெரியாது. கொஞ்ச நாளைக்கு மறதி இருக்கலாம். செய்யலைன்னா, அவர் சொன்னது நிஜமாயிடும்பா."

அவன் சம்மதித்தான். இரண்டு சிகிச்சைவரை ஒன்றும் மாறவில்லை. மூன்றாவதற்கு மறுநாள், ஊசி போட வந்த நர்ஸிடம் மாசிலாமணி, "கொஞ்சம் மோரு கெடைக்குமாம்மா?" என்றார். யோகேஷ் கேண்டீனுக்கு ஓடினான். ஓடிய வேகத்தில் செருப்பை வார்டிலேயே விட்டுவிட்டான்.

தேறி உட்கார்ந்தபோது, போனில் நடந்ததை நாமகிரியே அவரிடம் சொன்னாள்.

"நானா? என் வாயால நானா சொன்னேன்?" பிறகு மெதுவாக, "பொய் சொல்லலம்மா. கனா மாதிரி ஞாபகம் வருது. அப்போ எனக்கு அது நெஜந்தான்" என்றார். அன்று முழுவதும் தன் கையைத் தானே தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அச்சுக்குப் போகவிருந்த கட்டுரையை நாமகிரி நிறுத்தி வைத்தாள். "ஒரு ஆளைத் திருத்திட்டு அனுப்புங்களேன், முடிவு ஒண்ணும் மாறாது" என்றார்கள் கூட இருந்தவர்கள். முடிவு மாறாது என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் போனில் இறந்துபோன ஒவ்வொருவர் வீட்டுக்கும் சபீனாவையும் கூட்டிக்கொண்டு போனாள். மற்றவர்களெல்லாம் உண்மையிலேயே இறந்திருந்தார்கள்.

கடைசி வீடு ராமகுப்பத்தில். கர்நாடக எல்லை ஓரம், பட்டுப்புழு வளர்க்கிற வீடு. அங்கே இறந்தது அலர்மேல்மங்கை என்ற கிழவி. மல்பெரித் தழையைக் கீழே போட்டுவிட்டு வந்த மகன் ரங்கையா, இவர்களைப் பார்த்துத் திகைத்தான்.

"போன்லயே சொன்னமே மேடம். அத்தோட முடிஞ்சி பூட்ச்சின்னு நெனச்சோம். இவ்ளோ தூரம் எதுக்கு?"

நாமகிரி வாய் திறப்பதற்குள் சபீனா, "அம்மா எப்படி இருந்தாங்க, கடைசியில என்ன பேசினாங்கன்னு கேக்கலாம்னு வந்தோம்ணா" என்றாள்.

அவன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு நாற்காலியைத் துண்டால் தட்டிப் போட்டுவிட்டு, டீ வைக்கச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தான்.

"இத்த இதுவரைக்கும் யாருமே கேக்கல மேடம்" என்று சொல்லிக்கொண்டே அவர்களுக்கு எதிரில் உட்கார்ந்தான்.