வெரோணிக்காவை நீக்கிய கமிட்டி

புளத்கொகுபிட்டியவுக்கு மேலே, றப்பர் மரங்களுக்கு நடுவே இருக்கிற அந்தத் தோட்டத்துக் கோயிலில், தவக்காலத்தின் முதல் ஞாயிறு பூசை முடிந்த கையோடு பாஸ்கு நாடகக் கமிட்டி கூடி, வெரோணிக்காவை வேலையிலிருந்து நிறுத்துவது பற்றி யோசித்தது. பெரிய வெள்ளிக்கிழமை நாடகத்தில், சிலுவை சுமந்து வருகிற ஆண்டவரின் முகத்தைத் துணியால் துடைக்கிறாளே, அந்த வெரோணிக்கா. குற்றச்சாட்டு ஒன்றே ஒன்றுதான்: அவள் பைபிளில் இல்லை.

இதைக் கண்டுபிடித்தவர் கமிட்டித் தலைவர் ரொபர்ட். தோட்ட ஆபீஸில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பிடிக்காமல் போனதால் சூமில் மூன்று வாரம் வேதாகம வகுப்பு படித்தார். சான்றிதழைச் சட்டம் போட்டு, கோயில் மண்டபத்தில் கடைசி இராவுணவுப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். ஆண்டவர் படத்தைவிட அது இரண்டு விரல் உயரத்தில் இருந்தது. ஆணி அங்கேதான் இறங்கியது என்றார். அன்றிலிருந்து தோமா நற்செய்தி, மரியா நற்செய்தி, யூதாஸ் நற்செய்தி என்று திருச்சபை ஏற்காத நூல்களின் பெயர்களை, கேகாலை பஸ் கண்டக்டர் ஊர்ப்பெயர் கூவுகிற வேகத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

வெரோணிக்காவாக நடிப்பவள் எமல்டா. றப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள். மகள் நிரோஷா சின்னப் பிள்ளையாக இருந்தபோது டெங்கு வந்து கேகாலை ஆஸ்பத்திரியில் கிடந்தாள். டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசிய அன்றைக்கு, வார்டுக்கு வெளியே நின்று எமல்டா நேர்ந்துகொண்டாள்: “வெரோணிக்கம்மா, எம்புள்ளய குடுத்துரு. என் காலு நடக்கிற மட்டும் வருசா வருசம் ஒனக்காக அந்த முகத்தத் தொடைக்கிறேன்.” பிள்ளை பிழைத்தது. இப்போது பியகமவில் கார்மெண்டில் வேலை. எமல்டா ஒரு வருடம்கூடத் தவறவில்லை. கொரோனா காலத்தில் நாடகம் நின்றபோதும், கோயில் சுவரில் மாட்டியிருக்கிற சிலுவைப்பாதைப் படங்களில், வெரோணிக்கா வருகிற ஆறாம் தலத்துப் படத்தைத் துடைத்துவிட்டு வந்தாள்.

போன வருடம்தான் வினை வந்தது. நாடகத்தை பேஸ்புக்கில் நேரடியாகப் போட்டார்கள். பிலாத்து வேடத்தில் ரொபர்ட், பித்தளைத் தாம்பாளத்தில் கை கழுவ வந்தார். அந்த நேரம் பார்த்து, ஓரத்தில் தன் முறைக்காகக் காத்து நின்ற எமல்டா அழுதுகொண்டிருந்தாள். படம் எடுத்தவர் போனை அந்தப் பக்கம் திருப்பிவிட்டார். ‘யாரு அந்த அம்மா?’ என்று டுபாயிலிருந்துகூடக் கேட்டு எழுதியிருந்தார்கள். வீடியோவில் பிலாத்துவின் முழங்கைக்கு மட்டும்தான் இடம் கிடைத்தது.

வாக்கெடுப்பு அடுத்த ஞாயிறு. எமல்டா பயந்துபோய் சுகந்தியிடம் சொன்னாள். சுகந்தியும் கமிட்டியில் இருந்தாள். இரண்டு பேருக்கும் பால் வெட்ட அடுத்தடுத்த மலையில் மரம். ஒரே போத்தலில் தேத்தண்ணி.

“அக்கா, நீங்க ஏன் பயப்புடுறீங்க?” என்றாள் சுகந்தி, பால் வாளியைக் கீழே வைத்துவிட்டு. “தலைவரு கடுதாசி வாசிச்சா வாசிக்கட்டும். என் கை ஒசரவே ஒசராது. ஒசந்தா இந்தக் கத்தியாலயே வெட்டிப்போடுங்க.”

எமல்டா அன்று நிம்மதியாகச் சோறு தின்றாள்.

கூட்டத்தில் ரொபர்ட் எழுந்து நின்று தொண்டையைச் செருமினார்.

“நாலு சுவிசேஷத்துலயும் வெரோணிக்கா கிடையாது. பிலாத்து பேருல உலாவுற ஒரு நூல்ல அந்தப் பேரு வருது. அது வேதமில்லன்னு சபையே ஒதுக்கி வச்ச நூல். இந்தத் துணிக் கதை அதுக்கும் பொறகு யாரோ சேர்த்தது. நம்ம மேடையில பொய்யான ஆள ஏத்தலாமா?”

“அப்ப ஈட்டியால குத்துற லோங்கினுசு, தலைவரே?” என்று கேட்டார் சீமோனாக நடிக்கிற அந்தனி. லோங்கினுஸ் ரொபர்ட்டின் தங்கை மகன். சிவப்புப் போர்வையும் கறுப்புக் கண்ணாடியுமாக வருவான்.

“குத்தின சிப்பாய் யோவான்ல இருக்கான்.”

“ஆளு இருக்கான். பேரு?”

“பேரப் பத்தி நாம இப்ப பேசல்ல.”

லோங்கினுஸ் என்ற பெயரும் அதே ஒதுக்கப்பட்ட நூலில்தான் இருக்கிறது. வகுப்பில் அதையும் சொல்லித்தான் கொடுத்தார்கள். கமிட்டிக்கு வகுப்புப் பாடத்தைப் போட்டோ கொப்பி எடுத்தபோது ரொபர்ட் அந்தப் பக்கத்தை மட்டும் எடுக்கவில்லை. தாள் செலவாகுமாம்.

“யூதாஸுக்குக் கவலையே இல்ல,” என்றார் அந்தனி. “நாலு சுவிசேஷத்துலயும் இருக்கான். அவன யாரும் அசைக்க முடியாது.”

எல்லோரும் சிரித்தார்கள். எமல்டா எழுந்தாள்.

“தலைவரே, எனக்கு நேர்த்திங்க. புள்ள உசிருக்காக வச்சது.”

“இல்லாத ஆளுக்கு வச்ச நேர்த்தி செல்லாதும்மா. நீங்க கவலப்படாம இருங்க.”

“அப்ப புள்ளய காப்பாத்துனது யாருங்க?”

“ஆஸ்பத்திரி,” என்றார் ரொபர்ட். அதற்கும் இரண்டு பேர் சிரித்தார்கள்.

கை தூக்கச் சொன்னார். எமல்டா எண்ணவில்லை. சுகந்தியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். சுகந்தி கூரையில் எதையோ தேடுகிறவள் போல அண்ணாந்து பார்த்தபடி கையைத் தூக்கினாள். நன்றாகவே தூக்கினாள், வளையல் முழங்கை வரை இறங்கியது.

“நான் எந்த முடிவும் எடுக்கல்ல,” என்றார் ரொபர்ட். “கமிட்டிதான் எடுத்தது.”

பிறகுதான் விசயம் வெளியே வந்தது. இந்த வருடம் பிலாத்துவின் மனைவி புதிதாக மேடை ஏறுகிறாள். அவள் மத்தேயுவில் அசைக்க முடியாதபடி இருக்கிறாள். பட்டுச் சேலை கட்டி, பிலாத்துவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தான் கண்ட கனவைச் சொல்ல வேண்டும். அது சுகந்தி.

“நான் வேணாம்னுதான் சொன்னேன்கா,” என்றாள் மறுநாள் மலையில்.

“கையி மட்டும் வேணும்னு சொல்லிருச்சாக்கும்,” என்றாள் எமல்டா. அன்றிலிருந்து தேத்தண்ணிப் போத்தல் இரண்டானது.

ரொபர்ட்டின் வேத விளக்கத்தைக் கடைசியில் திருத்தியவர் பஜாரில் லவுட்ஸ்பீக்கர் கடை வைத்திருக்கும் முஸ்லிம் பெரியவர் புவாட் நானா. பாஸ்குக்கு வருடா வருடம் சும்மா ஸ்பீக்கர் கொடுக்கிறவர். “அந்த மொகம் தொடைக்கிற கட்டம் இல்லியாமே தலைவரே? சிங்கள ஆளுகளும் அதப் பாக்கத்தானே மலையேறி வாறாங்க. அது இல்லாட்டி எனக்கு எதுக்கு நாலு ஸ்பீக்கர்? ரெண்டு போதும்.”

இரண்டு ஸ்பீக்கரில் பிலாத்துவின் குரல் ஆற்றங்கரை வரைக்கும் போகாது. அன்று மாலையே ரொபர்ட் எமல்டாவின் லயத்து வீட்டுக்கு வந்தார்.

“யோசிச்சுப் பாத்தேன். வேதத்துல இல்லாட்டியும் வெரோணிக்கா ஒரு பாரம்பரியம். பாரம்பரியத்தக் கைவிடப்படாது.”

எமல்டாவுக்குக் கண் கலங்கியது. கொடியில் கிடந்த, முகம் துடைக்கிற வெள்ளை முக்காட்டை எட்டி எடுத்தாள். “தொவைச்சுத்தாங்க வச்சிருக்கேன்.”

“நல்லதாப் போச்சு. அதையும் குடுங்க.” ரொபர்ட் வாசலைப் பார்த்துச் சொன்னார். “சுகந்திதான் செய்யுது. நீங்க ஏற்கெனவே மனசு நொந்து போயிருக்கீங்க, மறுபடி தொந்தரவு குடுக்க வேணாம்னு கமிட்டி நெனைக்குது. ஒரு தடவ வந்து, எப்படித் தொடைக்கிறதுன்னு மட்டும் அதுக்குக் காட்டிக் குடுத்துருங்க.”

“மொகத்தத்தானே தொடைக்கணும்? அவளுக்குத் தெரியும்,” என்று சொல்லிவிட்டு எமல்டா முக்காட்டை மடித்து அவர் கையில் வைத்தாள். ஏன் கொடுத்தோம் என்று கதவைச் சாத்திய பிறகுதான் யோசித்தாள்.

பெரிய வெள்ளியன்று கூட்டத்தோடு கூட்டமாய் நின்றாள். பிலாத்துவின் மனைவி கனவைச் சொல்லிவிட்டு உள்ளே ஓடி, பட்டுச் சேலைக்கு மேலேயே முக்காட்டைப் போட்டுக்கொண்டு வெரோணிக்காவாக வெளியே வந்தாள். “நமது தொன்மையான பாரம்பரியம்!” என்று நாலு ஸ்பீக்கரிலும் ரொபர்ட்டின் குரல் முழங்கியது. சுகந்தி முழங்காலில் விழுந்து முகத்தைத் துடைத்தாள். பக்கத்தில் நின்ற சிங்களப் பெண் விம்மினாள்.

எமல்டாவுக்கு அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது. நேர்த்தி தவறிவிட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே வந்து, கோயில் மதிலோரம் நின்று பியகமவுக்குப் போன் எடுத்தாள்.

“நிரோஷா, ஒடம்பு எப்படி இருக்கு? காய்ச்சல் கீச்சல் இல்லியே?”

“எனக்கென்னம்மா, நல்லா இருக்கேன். லைவ்லதான் பாத்துக்கிட்டு இருக்கேன்.” பின்னால் பெண் பிள்ளைகளின் சத்தம் கேட்டது. “சுகந்தி சித்தி நல்லா செய்யுதும்மா. இங்க போடிங் ரூம்ல எல்லாரும் அழுவுறாளுக.”

“காய்ச்சல் இல்லதானே?”

“இல்லம்மா! ஒன்னுமே இல்ல. ஏன் கேட்டுக்கிட்டே இருக்கீங்க?”

எமல்டா போனை வைத்தாள். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. நாளைக்கும் ஒன்றும் ஆகாமல் போகலாம். அப்படியென்றால் நேர்த்தி செல்லாது என்று அந்த ரொபர்ட் சொன்னதுதான் சரியா? மதிலில் சாய்ந்துகொண்டு, சந்தோசப்படலாமா கூடாதா என்று தெரியாமல், உள்ளே ஆண்டவரைச் சிலுவையில் அறைகிற சத்தத்தை நாலு ஸ்பீக்கரிலும் கேட்டுக்கொண்டிருந்தாள்.